கம்பவுண்டர் வாசலில் நிற்கிறார்

என் அக்கா இறந்த பதினெட்டாம் நாள் அவளுடைய கைபேசிக்கு நூலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அன்பு வாசகரே, உங்களைக் காணாமல் வாடுகிறோம். நூல் எண் 8141-ஐத் திருப்பித் தந்து வாசிப்பு இயக்கத்துக்கு வலுச் சேர்க்க வாரீர்.’ கடைசியில் ஒரு சிரிக்கும் முகம்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஏதாவது வேலை பாக்கி நிற்கிறது என்றால் சாப்பாடு இறங்காது. முப்பத்தொரு வருஷம் ஒரே பதிப்பகத்தில் பிழைதிருத்தியே பழகிய ஆள் வேறு எப்படி இருப்பான்? அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த தடிப் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டேன். நேரே நூலகத்துக்குப் போனேன். முதலில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அக்கா தவறிப்போன விஷயத்தைச் சொல்லி, அவளுடைய உறுப்பினர் அட்டையை ஒப்படைத்தேன். அப்புறம் வாசலில் நின்ற இயந்திரத்தின் வாயில் புத்தகத்தைத் திணித்தேன். அது விழுங்கிக்கொண்டு ‘நன்றி, மீண்டும் வருக’ என்றது. முதலில் புத்தகம், அப்புறம்தான் அட்டை என்று செய்திருக்க வேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது.

திரும்பி வந்தால், அக்காவின் கணவர் மேசையைக் கையால் தடவிக்கொண்டு நிற்கிறார்.

“புத்தகம் எங்க மாப்ள?”

“திருப்பிக் கொடுத்துட்டேன் மாமா. மெசேஜ் வந்துச்சு.”

“இன்னும் முடிக்கலியே.”

“யாரு?”

“உங்க அக்கா.”

மாமா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறந்து ஆளை வெளியே எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அச்சடித்த பக்கத்தைக் கண்டால் கண் சொக்கிவிடும். நாலாவது வரியில் குறட்டை. அக்கா நேர்மாறு. பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் வேலை. ஒரு வண்டி கிளம்பி அடுத்த வண்டி வருவதற்குள் இரண்டு பக்கம் தள்ளிவிடுவாள். சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் சாப்பிட உட்காரும்போது, அன்றைக்கு எதுவரை படித்தாளோ அதுவரை மாமாவுக்குக் கதை சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து இருபத்தாறு வருஷம் இப்படித்தான். மாமா ஒரு புத்தகம்கூடத் தானாகப் படித்தவர் இல்லை. ஆனால் முந்நூறு நாவலுக்குக் கதை சொல்வார்.

“அந்தக் கம்பவுண்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசல்ல நிக்கிறாரு மாப்ள. நல்ல மழை. கையில அந்தப் பொண்ணோட கடுதாசி. கதவைத் தட்டிட்டாரு. தொறந்தாங்களா இல்லியா?”

“எனக்கு எப்படி மாமா தெரியும்?”

“நீதானே திருத்தினே? முதல் பக்கத்துல உன் பேரு இருக்குன்னு காட்டினா. அதுக்காகத்தானே அதை எடுத்தா.”

உண்மைதான். 8141 எங்கள் பதிப்பகத்துப் புத்தகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருத்தியது, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ‘வழக்கறிஞர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து தலைகீழாக நின்று அச்சாகிவிட்டது. அதற்காக வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கதை? கதையை நான் எங்கே படித்தேன்? பிழைதிருத்துபவன் எழுத்தைத்தான் பார்ப்பான். வாழ்நாளில் ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களை இரண்டு தடவை, மூன்று தடவை என்று வரிவரியாகப் பார்த்தவன் நான். அதில் ஒன்றில்கூட யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் முழிப்பேன்.

“சரி விடுங்க மாமா. திரும்பப் போய் எடுத்துட்டு வந்துடலாம். நூலகம்தானே” என்றேன்.

நூலகம்தானே என்று நான் சொன்னதற்குக் காரணம், நான் வளர்ந்த காலம். எங்கள் கட்டடத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரே வாரப் பத்திரிகை. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்று சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கும். அக்கா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுவாள். கணக்குப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்துப் படித்து அடி வாங்காத பிள்ளை எங்கள் வகுப்பில் ஒன்றுகூட இல்லை. அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் குப்பைதான். ஆனால் குப்பையையும் சண்டை போட்டுப் படித்தோம். நூலகத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தேதி முத்திரையை ‘டப்’ என்று அடிப்பார். புத்தகம் கைக்கு வந்துவிடும். முத்திரை அடிக்கிற நேரம்தான் செலவு.

இப்போது அந்தக் கட்டடம் வாசிப்பு மேம்பாட்டு வாரியத்தின் கீழ் வந்து, பெயரும் ‘வாசிப்பு அனுபவ நடுவம்’ என்று மாறிவிட்டது. அக்கா புத்தகம் எடுத்தது இந்த மாற்றத்துக்கு முந்தின வாரம். நான் திருப்பிக் கொடுத்த அன்று வரவேற்பு மேசையைத் தாண்டிப் போகவில்லை. மாமாவோடு உள்ளே போனபோதுதான் பார்த்தேன். அலமாரிகள் இல்லை. சுவர் முழுக்கப் புத்தக முதுகுகளை அச்சடித்த தாள் ஒட்டியிருந்தார்கள். மாமா அதில் ஒன்றை உருவப் பார்த்து நகம் பெயர்ந்து கையை உதறிக்கொண்டார். நடுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப் புத்தகம் விரித்த வாக்கில் நின்றது. இரண்டு பெண்கள் அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து யோசிப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வரவேற்புப் பெண் பழகினவள்போலச் சிரித்தாள். “சொல்லுங்க சார். ஒலி அனுபவமா, சுருக்க அனுபவமா, பட அனுபவமா?”

“புத்தகம்மா” என்றார் மாமா.

“அதான் சார், எந்த வடிவத்துல?”

“புத்தக வடிவத்துல.”

அவள் மேசைக்கு அடியில் குனிந்து தேடி ஒரு தாளை எடுத்துத் தூசி தட்டினாள். படிவம் ஏழு. ‘நேரடி வாசிப்பு விருப்ப விண்ணப்பம்’. வாசிக்க விரும்புவதன் காரணம் என்று கேட்டு நான்கு கட்டம்: தேர்வு, ஆய்வு, புகைப்படம், பிற. மாமா ‘பிற’ என்பதைக் குறித்தார். ‘பிற’ என்றால் விளக்குக என்று கீழே ஒரு கோடு. அதில் அவர் ‘கதவு’ என்று எழுதினார். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னாள்.

லிஃப்டில் ஏறியதும் மாமா மேலே அண்ணாந்து காது கொடுத்தார். “கயிறு தேஞ்சிருக்கு. கூட்டம் ஏறினா மாட்டிக்கும். சொல்லி வைக்கணும்.” இறங்கும்போது அங்கே நின்ற காவலாளியிடம் சொன்னார். “கூட்டமா? இங்கயா?” என்றார் காவலாளி.

மூன்றாம் மாடியில் துணை இயக்குநர். மேசையில் ஒரு புத்தகம்கூட இல்லை. புத்தக வடிவில் பேனா தாங்கி ஒன்று இருந்தது. படிவம் ஏழைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காருங்க, உக்காருங்க. இந்தப் படிவத்தை வடிவமைச்சதே நான்தான். ஒருத்தர் நிரப்பி இன்னைக்குத்தான் பாக்கிறேன்.”

“புத்தகம் கிடைக்குமா சார்?” என்றேன்.

“அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பழைய நூலகத்துல என்ன பிரச்சினை? புத்தகத்தை எல்லாரும் படிச்சிட்டே இருந்தாங்க. பக்கம் கிழியும், எண்ணெய்க் கறை, மூலை மடிப்பு, ஓரத்துல கிறுக்கல். ஒரு புத்தகம் பத்து வருஷம் தாங்காது. வாரியம் பொறுப்பேத்த பிறகு ஒரு பக்கம்கூடச் சேதம் ஆகல. புத்தகத்துக்கு முதல் எதிரி யாருன்னு ஆய்வு பண்ணினோம். கரையான் ரெண்டாவது இடம்தான்.”

“முதல் இடம்?” என்று மாமா கேட்டார்.

“அதை வெளியில சொல்றதில்ல” என்றார் அவர் பெருந்தன்மையோடு. பிறகு கணினியில் 8141 என்று தட்டினார். புருவம் சுருங்கியது. “இது உங்க மனைவிகிட்டல்ல இருக்கு?”

நான் இயந்திரத்தில் போட்டதைச் சொன்னேன். அவர் விளக்கினார். புத்தகம் உள்ளே வந்தது உண்மை. ஆனால் அதற்குப் பத்து நிமிஷம் முன்பே உறுப்பினர் இறந்த தகவல் பதிவாகி அட்டை முடங்கிவிட்டது. முடங்கிய அட்டையில் திருப்பிக் கொடுத்தது பதியாது. ஆக, புத்தகம் இங்கே இருக்கிறது, ஆனால் வரவில்லை.

“அவங்க ஒரு தடவை நேர்ல வந்து கொடுத்துட்டாங்கன்னா ஒரு நிமிஷ வேலை” என்றார்.

“இறந்துட்டா சார்.”

“தெரியுது. பதிவாகியிருக்கு. அதான் சிக்கலே.”

என்னைத் திட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஒழுங்கு, ஒழுங்கு என்று பிராணனை விட்டதில் வந்த வினை.

இதற்கும் ஒரு படிவம் இருந்தது. ‘உறுப்பினர் விலகல் அறிவிப்பு.’ விலகுவதற்கான காரணம்: இடமாற்றம், ஆர்வமின்மை, நேரமின்மை. மூன்றில் ஒன்றைக் கட்டாயம் குறிக்க வேண்டும். மாமா பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். பிறகு ‘நேரமின்மை’ என்பதில் குறியிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை.

படிவம் நடுவத்திலிருந்து வாரியத்துக்குப் போய்த் திரும்ப ஆறு வாரம் ஆகும் என்றார். “அதுவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? சுருக்க அனுபவம் எடுத்துக்குங்க. ரெண்டு நிமிஷம்.” கீழே வரவேற்புப் பெண் எங்களை ஒரு மெத்தையில் உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டினாள். இனிமையான ஒரு குரல் சொன்னது: ‘இந்த நாவல் மனித உறவுகளின் சிக்கல்களைப் பேசுகிறது. உறவுகளே வாழ்வின் செல்வம் என்பதை உணர்த்துகிறது. இதிலிருந்து நாம் பெறும் ஐந்து பாடங்கள்…’

மாமா கருவியைக் கழற்றிவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார். “இதுல கம்பவுண்டர் வர்றாராம்மா?”

“சுருக்கத்துல ஆளுங்க வர மாட்டாங்க சார். பாடம் மட்டும்தான்.”

சந்தேகத்துக்கு வேறு இரண்டு எண்களைத் தட்டிக் கேட்டேன். ஒன்று கொலைக் கதை, ஒன்று கடல் பயணம். இரண்டிலும் உறவுகளே வாழ்வின் செல்வமாக இருந்தன.

சரி, பதிப்பித்த இடத்தில் ஒரு பிரதி இருக்காதா என்று மறுநாள் எங்கள் முதலாளியிடம் போனேன். முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு நாவல் என்றால் மூவாயிரம் பிரதி அடிப்போம். கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். இப்போது நாற்பது பிரதி. அதில் முப்பதை எழுதியவரே எடுத்துக்கொள்வார், வாரியத்துக்கு ஐந்து, வெளியீட்டு விழாவுக்கு ஐந்து. விழாவில் ஆறு பேர் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்ற ஐந்து பேர்தான் கூட்டம். ஆறு பேரும் நூலை ‘முழுமையாக வாசிக்க நேரம் வாய்க்கவில்லை என்றாலும்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிழையைக் கணினியே திருத்திவிடுவதால் என்னைப் பின்னட்டை எழுதப் போட்டிருக்கிறார்கள். ‘தமிழ்ப் புனைவின் திசையை மாற்றப்போகும் படைப்பு’ என்று வாரத்துக்கு நான்கு எழுதுகிறேன். எதையும் திறந்து பார்ப்பதில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“அந்தப் பழைய சரக்கெல்லாம் கிடங்கைக் காலி பண்ணும்போதே காகிதக் கூழுக்குப் போயிடுச்சேப்பா” என்றார் முதலாளி. “அங்கதான இப்ப ஒலிப்பதிவு அறை இருக்கு. அட்டைப் படம் மட்டும் கணினியில இருக்கும். உங்க மாமாவுக்கு ஆசையா இருந்தா சொல்லு, ஒண்ணு போட்டுத் தர்றேன்.”

“உள்ள?”

“உள்ள வெள்ளைத் தாள்தான். நல்ல தாளா போடுவோம்.”

“மாமா படிக்கணும்கிறார்.”

முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “படிக்கவா? டாக்டர் யாரையாவது பாத்தீங்களா? மனைவி போனா சில பேருக்கு இப்படி ஆகும்.”

எழுதியவரைக் கேட்கலாம் என்றால், அவர் இறந்து இருபது வருஷம். சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். “ஆறு வாரம்தானே மாப்ள. அவரு மழையிலதான் நிப்பாரு. நிக்கட்டும்” என்றார். மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. என்னையும் சாப்பிடச் சொல்லி இன்னொன்று எடுத்து வைத்தார்.

ஆறு வாரம் காத்திருக்க வேண்டி வரவில்லை. ஐந்தாம் வாரமே துணை இயக்குநர் நேரில் வந்துவிட்டார், மலர்க்கொத்தோடு. வாரியத்தின் ஆண்டு விழாவில் மாமாவுக்கு ‘ஆண்டின் சிறந்த வாசகர்’ விருது.

“நான் எதுவுமே படிக்கலியே சார்” என்றார் மாமா.

“படிக்கணும்னு விண்ணப்பிச்சிருக்கீங்க. இந்த வருஷம் வந்த படிவம் ஏழு ஒண்ணே ஒண்ணுதான். தேர்வுக் குழு மூணு தடவை கூடிப் பேசித்தான் உங்களை முடிவு பண்ணினாங்க. போட்டி கடுமையா இருந்துச்சு.”

“யாரோட?”

“அதையும் வெளியில சொல்றதில்ல.”

“புத்தகம் கிடைக்குமா?”

“அதுதானே பரிசே!” என்றார் அவர்.

மாமா கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா இருந்தால் பொத்தான் இறுக்கத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள். விழா நான்காம் மாடி அரங்கில். பத்து மணி என்று போட்டிருந்தார்கள். பதினொன்று ஆகியும் வாரியத் தலைவரைக் காணோம். அப்புறம்தான் தெரிந்தது, தலைவர் தன் பரிவாரம் ஒன்பது பேரோடு லிஃப்டில் ஏறி, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நிற்கிறார் என்று. மாமா கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினார்.

கதவு இடுக்கு வழியாகத் தலைவரின் குரல் கேட்டது. “உள்ள சிக்னலே இல்லய்யா. பொழுது போகல. என்ன பண்றது?” துணை இயக்குநர் பதறிப்போய், விழாவுக்கு அச்சடித்த ‘வாசிப்பின் மகத்துவம்’ என்ற குறுநூலை இடுக்கில் செருகினார். சற்று நேரத்தில் அது வெளியே வந்தது. “விசிறவும் ஆகல, ரொம்பச் சின்னதா இருக்கு” என்றது குரல். மாமா பத்து நிமிஷத்தில் கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினார். தலைவர் அவரை மெக்கானிக் என்று நினைத்துத் தோளில் தட்டினார். அது சரியும்தான்.

முதலில் துணை இயக்குநர் ஆண்டறிக்கை வாசித்தார். “முதல் காலாண்டில் நேரடி வாசகர் பூஜ்யம். இரண்டாம் காலாண்டில் ஒருவர். இந்த வளர்ச்சியைச் சதவீதத்தில் சொல்ல முயன்றோம், கணினி மறுத்துவிட்டது. அந்த அளவுக்கு வளர்ச்சி.” கை தட்டினார்கள். வாரிய ஊழியர்கள் எண்பது பேர் இருந்தார்கள். அதனால் கைதட்டல் நன்றாகவே கேட்டது.

பிறகு தலைவர்.

“நான் அரசியல்வாதி இல்ல, அடிப்படையில ஒரு வாசகன். அஞ்சாம் வகுப்புல ஒரு புத்தகம் படிச்சேன். அது என்னைப் புரட்டிப் போட்டுடுச்சு. அந்தத் தாக்கத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் மீளல. அதனாலதான் ரெண்டாவது புத்தகத்துக்கு என்னால போக முடியல. ஒரு புத்தகமே இவ்வளவு செய்யும்னா, நாலஞ்சு படிச்சவன் கதி என்ன? யோசிச்சுப் பாருங்க. அதனால நம்ம வாரியத்தோட கொள்கை தெளிவானது. வாசிப்பை வளர்க்கணும். ஆனா வாசகரைக் காப்பாத்தணும். சின்ன வயசுல எங்க வீட்டுல புத்தகமே கிடையாது. இன்னைக்கு என் வீட்டுல ஒரு அறை முழுக்க இருக்கு. என் பேரப்பிள்ளைங்க அந்த அறைக்குள்ள போனதே இல்ல. அவ்வளவு மரியாதை.”

அரங்கம் அதிர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி, “இந்தப் பேச்சைத் தொகுத்து ஒரு நூலாப் போடலாம்ப்பா. பின்னட்டை யோசிச்சு வை” என்றார். எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலையை ஆட்டினேன்.

மாமாவைக் கூப்பிட்டார்கள். பரிசு வந்தது. 8141-தான், நான் திணித்த அதே புத்தகம். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து நான்கு மூலையிலும் திருகி, பின்னால் அரக்கு முத்திரை. ‘முத்திரையை உடைத்தால் விருது செல்லாது’ என்று ஒரு சீட்டு.

“இதை எப்படி சார் படிக்கிறது?” என்று மாமா மேடையிலேயே கேட்டார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தீங்களா, விருது வாங்கின பிறகும் பணிவைப் பாருங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா தன் கருவிப் பையைத் திறந்தார். நான்கு திருகாணி. இரண்டு நிமிஷம். அரக்கை நகத்தாலேயே பெயர்த்தார். விருது செல்லாமல் போயிற்று.

“நான் படிச்சா தூங்கிடுவேன். நீ படி மாப்ள” என்றார். எந்தப் பக்கத்தில் அக்கா விட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் சொல்லியிருக்கிறாள், பாதியைத் தாண்டியிருப்பாள் என்றார். “எதுக்கும் முதல்லேருந்தே வா. மரியாதையா இருக்கும்.”

மறுநாள் ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் படிக்க அவர் கேட்டார். பிழையைப் பார்க்காமல் கதையைப் பார்ப்பது எனக்குப் புதிது. நாக்கு அடிக்கடி தடுமாறியது. கதை, கரும்பு ஆலை ஒன்றுக்காக அண்ணனும் தம்பியும் போடும் வழக்கைப் பற்றியது. இரண்டாம் நாள் முழுக்க உயிலின் வாசகம். மூன்றாம் நாள் சாட்சிகள்.

“ஸ்டேஷன் எப்ப வரும்?” என்று மாமா கேட்டார்.

“வரும் மாமா. பெரிய புத்தகம்ல.”

ஐந்தாம் நாள் வாய்தா. எண்பத்தெட்டாம் பக்கத்து வழக்கறிஞர் நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்திலும் பேசிக்கொண்டிருந்தார். பாதியைத் தாண்டினோம். மழை வரவில்லை. ஏழாம் நாள் மாமா கேட்பதை நிறுத்திவிட்டார். தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் நீதிபதி ஆலையை இரண்டாகப் பிரிக்க, சகோதரர்கள் தழுவிக்கொள்ள, ‘முற்றும்’ வந்தது.

“கம்பவுண்டர்?”

தொழில்புத்தி உடனே ஒரு வழி கண்டுபிடித்தது. பைண்டிங்கில் பதினாறு பக்கக் கட்டு ஒன்று மாறிப்போவது சகஜம். வேறு கதையின் கட்டு இதற்குள் சேர்ந்திருக்கலாம், அல்லது இந்தக் கதையின் கட்டுகள் விட்டுப்போயிருக்கலாம். புத்தகத்தை விளக்கடியில் கொண்டுபோய் ஒவ்வொரு கட்டாக எண்ணினேன். பக்க எண், கட்டு எண், தையல் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறோம்.

இன்னொன்றும் இருந்தது. முதல் நாளே பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தேன். இனி மறைக்க முடியாது.

“மாமா, அக்கா நிறுத்தின இடத்துல பக்க மூலையை மடிப்பா. பத்தொன்பதாம் பக்கம் மடிச்சிருக்கு. அதுக்கு மேல எங்கயும் மடிப்பு இல்ல.”

“பத்தொன்பதா?”

“ஆமா.”

“ஒரு மாசத்துக்கு மேல சொன்னாளே.”

தம்பி பெயர் போட்ட புத்தகம். அலுப்பாக இருக்கிறது என்று மாமாவிடம் சொல்ல அவளுக்கு மனசு வந்திருக்காது. மாமா விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன மற்றப் புத்தகங்களை நினைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. பாதியில் விட்டுவிட்டார்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. நடுவத்து வரவேற்புப் பெண். நேரடி வாசிப்பு முடிந்தவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். மாமா ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார்.

“நூலை முழுசா படிச்சீங்களா சார்?”

“கேட்டேன்மா.”

“படிச்சதுன்னே போட்டுக்கிறேன். ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க?”

“எந்தக் கதைக்கு?”

“8141 சார்.”

“அது உங்க இஷ்டம்.”

“அஞ்சு போட்டுடறேன். கடைசியா ஒண்ணு. விண்ணப்பத்துல காரணம்கிற இடத்துல ‘கதவு’ன்னு எழுதியிருக்கீங்க. உங்க எதிர்பார்ப்பு நிறைவேறிச்சா? ஆம், இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்.”

மாமா கைபேசிப் பக்கம் குனிந்தார். “கட்டம் ரெண்டுதானாம்மா?” என்றார்.

“ரெண்டுதான் சார்.”

“எதையாவது போட்டுக்க” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. இத்தனை நாள் இந்தக் கதைக்காக அலைந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தக் கதை என்ன என்று நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அக்கா சொன்ன கதையைச் சொல்லுங்க மாமா. முதல்லேருந்து.”

அவர் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டே ரயில் நிற்கும் சின்ன ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் சாயங்கால வண்டிக்கு விளக்கு ஏற்றப் போனவள் திரும்பவில்லை. அப்பா அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்கிறார், ஆனால் ஒவ்வொரு சாயங்கால வண்டிக்கும் கடைசிப் பெட்டிவரை நடந்து பார்த்துவிட்டு வருகிறார். காலை இழுத்து நடக்கும் கம்பவுண்டர் எல்லாருக்கும் மருந்து கலக்கிக் கொடுப்பார், யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காணாமல் போன அந்த மூத்தவள் மட்டும்தான் பேசுவாள். அதனால்தான் கடிதத்தை அவரிடம் கொடுத்தாள். கம்பவுண்டருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. மாமா ஒவ்வொருவருக்கும் குரலை மாற்றிச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் பேசும்போது அக்காவின் குரல் வந்தது. அவள்தான் அப்படி மூக்கால் பேசுவாள். மாமா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். கம்பவுண்டர் நாற்பது நாள் தயங்கினார், ஒரு மழை நாளில் கிளம்பினார், சட்டைக்குள் கடிதம் நனையாமல் கையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார், தட்டினார். உள்ளே யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்டது.

மாமா நிறுத்தினார்.

“அப்புறம்?” என்றேன்.

“அன்னைக்கு அவ்வளவுதான் சொன்னா. மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம்.”

“ஆஸ்பத்திரியில கேக்கலியா மாமா?”

“கேட்டேன். வீட்டுக்கு வந்து சொல்றேன்னா.”